இங்கிலீஷ் ‘காம்’, நம்ம ஊரு ‘கம்முனு’: ரெண்டுக்கும் சொந்தம் உண்டா?

சத்துவாச்சாரி_சரவெடி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. ஆபீஸ்ல ஒரு பஞ்சாயத்து, தீர்ப்பு சொல்லுங்க. கூட வேலை செய்யற மதுரைக்காரர் ஒருத்தர், “உங்க வேலூர்ல ஏன் எதுக்கெடுத்தாலும் கம்முனு இரு, கம்முனு கிட, கம்முனு வா-ங்கறீங்க? அது இங்கிலீஷ் வார்த்தை. கோட்டைல இருந்த வெள்ளைக்காரன் சிப்பாய்ங்கள ‘காம்’, ‘காம்’னு, அதாவது அமைதியா இருன்னு, அதட்டினதுதான் கம்முனு ஆயிடுச்சு”ன்னு அடிச்சுச் சொல்றார். கோட்டை இருக்கு, பட்டாளம் இருந்துச்சு, கன்டோன்மென்ட்னு ஒரு ஸ்டேஷனே இருக்கு. சட்டுனு மறுத்துப் பேச முடியல. காம், க்வயட், சைலன்ஸ் இதெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சவங்க எழுதுங்க. நீயே தேடிப் பாருன்னு மட்டும் சொல்லாதீங்க.

குடியாத்தம்_லுங்கி

இதுல யோசிக்க இன்னா கீது? மதுரைக்காரர் சொல்றதுதான் கரெக்ட்டு. ஆபீசர்ஸ் லைன்னு ரோட்டுக்கே பேரு வச்சு சொல்லிக்கினு இருந்த ஊரு நம்மளுது. பட்டாளத்து வார்த்தை வாயில ஒட்டாம எங்க போவும்?

பழைய_பெஞ்ச்

இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் முதலில் ‘காம்’ பற்றி. கம்முனு பற்றித் தமிழ் படித்தவர்கள் வரட்டும்.

இங்கிலீஷுக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 14-ஆம் நூற்றாண்டில் வந்தது. பிரெஞ்சுக்கு இத்தாலியக் கடலோடிகளின் பேச்சிலிருந்து வந்தது, அங்கே ‘கல்மா’. அதற்கும் பின்னால் போனால் பெரும்பாலான அகராதிகள் பிற்கால லத்தீனில் ஒரு சொல்லைக் காட்டுகின்றன: ‘கௌமா’. அதற்கு அமைதி என்று பொருள் இல்லை. வெக்கை. பட்டப்பகல் உச்சி வெக்கை. லத்தீன்காரர்கள் அதைக் கிரேக்கத்திலிருந்து கடன் வாங்கினார்கள். கிரேக்கத்தில் அதன் வினைச்சொல்லுக்கு ‘எரிப்பது’ என்று பொருள்.

எரிவது எப்படி அமைதியானது என்று கேட்பீர்கள். மத்தியதரைக் கடல் நாடுகளில் உச்சிப்பொழுதில் வயல்வேலை நின்றுவிடும், ஆடு மாடு நிழலில் ஒதுங்கிவிடும், தெருவில் ஆள் இருக்காது. வெக்கைக்கு இருந்த பெயர் வெக்கை நேரத்து ஓய்வுக்குப் போய், அங்கிருந்து காற்றே இல்லாமல் அலை படிந்து கிடக்கும் கடலுக்குப் போனது. இங்கிலீஷில் முதலில் கடலும் காற்றும்தான் ‘காம்’. மனுஷனைப் பார்த்து அவன் ‘காம்’ என்று சொல்ல ஆரம்பித்தது 16-ஆம் நூற்றாண்டில்.

காட்பாடி_ஜங்ஷன்

அப்போ கத்தரி வெயில்ல வேலூர்தான் உலகத்துலயே ரொம்ப காமான ஊரு!

சீரியஸா சொல்றேன், மே மாசம் ஒரு மணிக்கு லாங் பஜார்ல போய் நின்னு பாருங்க. காலைல காது கிழியற இடம். அந்த நேரத்துல மூட்டை மேல படுத்துத் தூங்கறவர் குறட்டைகூட கேக்கும். அதுக்கு அமைதின்னு பேரு வச்சா நாம ஒத்துக்க மாட்டோம், “வெயில் அடிச்சுப் போட்டுடுச்சு”ன்னுதான் சொல்லுவோம். இத்தாலிக்காரன் அதையே ஒரு வார்த்தையாக்கிட்டான்.

வாணியம்பாடி_வாசல்

மலையில மரம் இல்ல, ஆத்துல தண்ணி இல்ல, கோட்டையில ராஜா இல்ல, கோயில்ல சாமி இல்லன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ணுவாங்களே, அந்த லிஸ்ட்ல “காத்து இல்லாத மத்தியானம்”னு ஒண்ணு விட்டுப் போச்சு.

கோட்டை_அகழி

சாமி இல்லன்னு இன்னும் சொல்லிக்கினு திரியாதீங்க. 1981-லயே கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேஸ்வரர் திரும்ப வந்தாச்சு. அதுக்கு முன்னாடி அந்தக் கோயிலுக்குள்ள போனவங்க சொல்லக் கேட்டிருக்கேன்: மணி இல்ல, தீபம் இல்ல, வௌவால் மட்டும். கல்யாண மண்டபத்துத் தூண்ல யாளி வாயத் தொறந்துக்கினு நிக்குமாம், சத்தம் மட்டும் இருக்காதாம். அதை காம்னு சொல்றதா சைலன்ஸ்னு சொல்றதா, வாத்தியார்தான் சொல்லணும்.

பழைய_பெஞ்ச்

சைலன்ஸ் என்று சொல்லலாம். லத்தீனில் இரண்டு வினைகள் உண்டு. ‘தகேரே’ என்றால் வாய் பேசாதிருப்பது, ஆள் சம்பந்தப்பட்டது. ‘சிலேரே’ என்றால் ஓசையே இல்லாதிருப்பது. இரவுக்கும் காட்டுக்கும் காற்றுக்கும் அதைச் சொல்வார்கள். பிற்காலத்தில் இரண்டும் கலந்துபோயின. சைலன்ஸ் இரண்டாவதிலிருந்து வந்தது. முதலாவதிலிருந்து இங்கிலீஷுக்கு ‘டாசிட்’ வந்தது, சொல்லாமல் சொல்லும் சம்மதத்துக்கு வக்கீல்கள் பயன்படுத்துவது. நம்மிடமும் அதே பிரிவினை இருக்கிறது: ஆள் இருப்பது மௌனம், இடம் இருப்பது நிசப்தம். கோயில் மௌனமாக இருந்தது என்று கதைக்காரர்கள் எழுதும்போது கோயிலை ஆளாக்குகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. ‘காம்’ எழுதும்போது நடுவில் ஒரு எல் வருமே, உச்சரிக்காத எல், அதுவும் சூட்டோடு சம்பந்தப்பட்டதுதான். கிரேக்கச் சொல்லில் எல் கிடையாது. சூடாக இருப்பதற்கு லத்தீனில் ‘கலேரே’ என்று வேறொரு சொல் உண்டு. அதன் சாயல் பட்டு எல் உள்ளே வந்திருக்கிறது என்பார்கள்.

காட்பாடி_ஜங்ஷன்

ஆக, காம்ல இருக்கற எல் மட்டும்தான் உண்மையிலயே கம்முனு இருக்கு.

ஸ்டாஃப்_அக்கா

நான் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தியேட்டர்ல இருக்கேன். ரத்தம் கசியற எடத்தச் சுட்டு அடைக்க தெனமும் ‘காட்டரி’ மெஷின் கையில எடுக்கறோம். எரிப்பதுன்னு வாத்தியார் எழுதினதப் படிச்சதும் சந்தேகம் வந்துச்சு. காட்டரியும் அந்தக் கிரேக்க வார்த்தைதானா?

பழைய_பெஞ்ச்

அதேதான் சிஸ்டர். சூடு போடும் இரும்புக்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது காட்டரி. காஸ்டிக் சோடாவில் இருக்கும் காஸ்டிக்கும் அந்தக் குடும்பம். நாம் எழுதும் ‘இங்க்’கூட அங்கே போய்த்தான் முடியும்: சூட்டால் பதித்த வண்ணம் என்ற பொருளில் தொடங்கிய சொல் தேய்ந்து தேய்ந்து இங்க் ஆனது.

ஸ்டாஃப்_அக்கா

தியேட்டர்ல டாக்டர் “காட்டரி”ன்னு கேட்ட கையோட “காம் காம், டென்ஷன் ஆகாதீங்க”ன்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைங்கன்னு இனிமே நான் எங்க போய் சொல்ல.

புதுச்சேரி_பேரன்

எங்க தாத்தா பிரெஞ்சு பென்ஷன்காரர், அதனால இந்த இடத்துல மூக்கை நுழைக்கறேன். பிரெஞ்சுல வேலையில்லாத் திண்டாட்டத்துக்கு ‘ஷோமாழ்’னு பேரு. அதுவும் இதே கௌமாவோட பேரன்தான். வெக்கை நேரத்துல வேலைய நிறுத்திட்டு ஓய்வெடுக்கறதுன்னு ஆரம்பிச்சு, வேலை செய்யாம இருக்கறது, கடைசியில வேலை கிடைக்காம இருக்கறது. ஒரே வெயிலு, கடல்ல இறங்கினவனுக்கு நிம்மதி, கரையில நின்னவனுக்கு பட்டினி.

ஆம்பூர்_ஷிஃப்ட்

கரையில நின்னவன் நாங்கதான் ப்ரோ. ஆர்டர் இல்லாத மாசம் ஷூ கம்பெனி வாசல்ல நீங்க சொல்ற எல்லா அமைதியும் இருக்கும்.

அமிர்தி_காடு

நான் படிச்சவன் இல்ல, வெவசாயம். ஆனா உச்சி வெயிலப் பத்திப் பேசறீங்களேன்னு எழுதறேன். எங்க பாட்டி உச்சிப்பொழுதுல புளியமரத்தாண்ட போவ உடாது. “முனி நடமாடற நேரம், அடிச்சுப்புடும்”னும். ராத்திரிய உட பகல் பன்னெண்டுக்குத்தான் பயம் ஜாஸ்தி. அந்த நேரத்துல குருவி கத்தாது, எல அசையாது, காது ரெண்டும் அடைச்ச மாதிரி ஆயிடும். நான் மலையடிவாரத்துல நெறய தபா அனுபவிச்சுக்கீறேன். அந்த அமைதி நல்ல அமைதி இல்லீங்க. யாரோ பாத்துக்கினு கீற அமைதி.

பழைய_பெஞ்ச்

படித்தவர்கள் எழுதியதைவிட இது மேல். கிரேக்க இடையர்களுக்கும் இதே பயம் இருந்தது. உச்சிவேளையில் குழல் ஊத மாட்டார்கள். பான் என்ற ஆட்டுக்கால் தெய்வம் அந்நேரம் படுத்திருக்கும், எழுப்பினால் கோபம் வரும். காரணமில்லாமல் கிலி பிடித்து ஓடுவதற்கு ‘பேனிக்’ என்று பெயர் வந்தது அந்தத் தெய்வத்தால்தான்.

உங்கள் பாட்டி சொன்ன முனிக்கும் இந்த இழைக்கும் நேரடித் தொடர்பே உண்டு. மௌனம் என்ற சம்ஸ்கிருதச் சொல் முனியிலிருந்து பிறந்தது. முனியின் தன்மை மௌனம். அது தவசி முனி, புளியமரத்து முனி வேறு என்று சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஊர் முனீஸ்வரன் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை.

அருணை_கிரிவலம்

திருவண்ணாமலையும் உங்கள் வேலூரைப் போலப் பழைய வடாற்காடு ஜில்லாதான், எங்களை மறந்துவிட்டீர்கள். “சும்மா இரு சொல்லற” என்று அருணகிரிநாதர் பாடினதும் எங்கள் ஊர் முருகன் அருளில்தான். ரமணர் வருஷக்கணக்கில் பேசாமலே இருந்த மலை இது. சும்மா இருப்பதற்கு இங்கிலீஷில் வார்த்தையே கிடையாது. எனவே அன்பர்கள் அனைவரும்

மட்டுறுத்துநர்

ஐயா, ஆன்மிகப் பகுதி தனியாக இருக்கிறது, தொடர்ச்சியை அங்கே போடுங்கள். இங்கே சொல் ஆராய்ச்சி மட்டும்.

பேர்ணாம்பட்டு_ஃபயாஸ்

சும்மான்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. எங்க பக்கத்துல தமிழ், தெலுங்கு, உருது மூணும் ஒரே டீக்கடையில நடக்கும். தெலுங்குக்காரர் அமைதியா இருன்னு சொல்ல ‘ஊருகோ’ம்பார். ‘ஊரகே’ன்னா சும்மா. காசில்லாம கிடைச்சாலும் ஊரகே, காரணமில்லாம வந்தாலும் ஊரகே. நம்ம சும்மாவும் அதே மாதிரி எல்லாத்துக்கும் வரும். எங்க வீட்டுல அம்மா ‘சுப்’னு ஒரு எழுத்துல முடிச்சுடுவாங்க. நீங்க சொல்ற கப்சிப்பும் எங்க பக்கத்து ‘குப்சுப்’போட தம்பிதான்.

வாணியம்பாடி_வாசல்

எல்லாரும் இதைப் படிங்க, அருமையான தகவல்: சைலன்ட், லிசன் ரெண்டு வார்த்தைக்கும் அதே ஆறு எழுத்துதான்! அமைதியா இருந்தாத்தான் கேக்க முடியும்னு அன்னைக்கே முன்னோர்கள் எழுத்துலயே ஒளிச்சு வச்சிருக்காங்க.

பழைய_பெஞ்ச்

தம்பி, இது குடும்ப வாட்ஸாப் குழுவுக்கு நல்லது. லிசன் இங்கிலீஷின் சொந்தச் சொல், சைலன்ட் லத்தீன். பழைய இங்கிலீஷில் லிசனுக்கு டி எழுத்தே கிடையாது, பின்னால் நுழைந்தது. முன்னோர்கள் ஒன்றும் ஒளிக்கவில்லை.

பாலாற்றங்கரை

தமிழ் எம்.ஏ. வந்தாச்சு. இப்போ கம்முனு.

நற்றிணை 154-ஆம் பாட்டின் முதல் அடி: “கானமும் கம்மென்றன்றே.” இரவு. வானம் மை போல இருட்டைப் பரப்பி இடிக்கிறது. காடு ஓசை அடங்கிக் கிடக்கிறது. காடு கம்முனு ஆயிடுச்சு என்று தோழியோ தலைவியோ இன்றைக்குச் சொன்னால் எப்படியோ அப்படியே இருக்கிறது அந்த அடி. கிழக்கிந்தியக் கம்பெனி வருவதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் பாடியது. ஆபீஸ் பஞ்சாயத்து இதோடு முடியலாம்.

குடியாத்தம்_லுங்கி

அதெப்படி முடியும்? பாட்டுல கீறது வேற கம்மு, பேச்சுல கீறது வேற கம்மு. நடுவுல ரெண்டாயிரம் வருஷம் அந்த வார்த்தை எங்க போய்ப் படுத்துக்கினு இருந்துச்சு? மதுரைல ஏன் அவ்ளோ இல்ல, வேலூர்ல மெட்ராஸ்ல ஏன் இவ்ளோ கீது? பட்டாளம் இருந்த ஊரா பாத்து இருக்குல்ல.

பாலாற்றங்கரை

கேள்வி நல்ல கேள்வி அண்ணா, பதில் பாட்டில் இல்லை, சொல்லின் வாலில் இருக்கிறது.

இங்கிலீஷிலிருந்து இப்படிப்பட்ட சொல்லை நாம் வாங்கும்போது என்ன செய்கிறோம்? கூலா இரு. ஃப்ரீயா விடு. சைலன்ட்டா வா. ஸ்ட்ராங்கா போடு. எல்லாவற்றுக்கும் பின்னால் ‘ஆ’ ஒட்டுகிறோம். காம் வந்திருந்தால் ‘காமா இரு’ என்றுதான் ஆகியிருக்கும். இப்போதுகூட காலேஜ் பிள்ளைகள் அப்படித்தானே சொல்கிறார்கள். ‘உனு’ ஒட்டுவது எதற்கு? சட்டுனு, பொசுக்குனு, படக்குனு, நறுக்குனு, சில்லுனு. சட்டென்று, பொசுக்கென்று, படக்கென்று என்பவை பேச்சில் அப்படித் தேய்ந்தன. எல்லாம் ஒலிக்குறிப்பு, உணர்வுக்குறிப்பு. கம்மென்று, கம்முனு. அந்த வரிசையில் இது எந்த இடறலும் இல்லாமல் உட்காருகிறது. மல்லிப்பூ கம்முனு மணக்குது என்கிறீர்களே, அங்கே எந்த வெள்ளைக்காரன் வந்து காம் சொன்னான்?

ஊருக்கு ஊர் புழக்கம் கூடும், குறையும். மதுரைக்காரர் சும்மா இரு என்பார், நாம் கம்முனு கிட என்போம். புழக்கம் கூடின இடமெல்லாம் பிறந்த இடம் ஆகாது. பட்டாளம் திருச்சியிலும்தான் இருந்தது.

காட்பாடி_ஜங்ஷன்

லுங்கி அண்ணே, கம்முனு இருங்க.

குடியாத்தம்_லுங்கி

இருக்க மாட்டேன். ‘ஆ’ ஒட்டறது இப்போ வந்த பழக்கம். 1800-ல எப்படி ஒட்டினாங்கன்னு எவன் பாத்தான்? நான் ஒத்துக்கல.

சத்துவாச்சாரி_சரவெடி

நான் பாலாற்றங்கரை கட்சி. அந்த ‘காமா இரு’ பாயின்ட்ட நாளைக்கு அப்படியே ஆபீஸ்ல வைக்கப் போறேன். க்வயட் பாக்கி இருக்கு வாத்தியாரே. ஸ்கூல்ல க்வயட் எழுதச் சொன்னா க்வைட்னு எழுதி வாங்கின அடி எனக்கு இன்னும் மறக்கல. இ-யும் டி-யும் இடம் மாறினதுக்கு ஒரு பிரம்படி.

பழைய_பெஞ்ச்

உங்களை அடித்த வாத்தியார் நானாக இருக்க மாட்டேன் என்று நம்புகிறேன். அடிக்கிறவர்களிடம் சொல்லுங்கள்: அந்த இரண்டும் ஒரே சொல்.

லத்தீனில் ‘க்வியெஸ்’ என்றால் ஓய்வு. ஓய்ந்திருப்பது ‘க்வியேட்டுஸ்’. அதுதான் க்வயட். இதே க்வியேட்டுஸ் இடைக்கால லத்தீனில் கணக்கு வழக்குச் சொல்லாக மாறியது. ஒருவனுடைய கடன், வரி, வழக்கு தீர்ந்துவிட்டால் அவன் ஓய்ந்தவன், அதாவது விடுபட்டவன். இங்கிலாந்து அரசுக் கஜானாவில் கணக்கு ஒப்படைத்து முடித்தவனுக்கு “க்வியேட்டுஸ் எஸ்ட்” என்று எழுதிக் கொடுப்பார்கள், இன்றைய நோ டியூஸ். பிரெஞ்சு வாயில் அது சுருங்கி ‘க்விட்’ ஆனது. விடுபட்டவன் என்பதிலிருந்து விட்டுப்போவது என்ற பொருள் பின்னால் வந்தது. முழுக்க விடுபட்டு, பாக்கியில்லாமல் என்பதிலிருந்து ‘முழுக்க’ என்ற பொருளில் க்வைட் வந்தது. கோர்ட்டில் விடுதலை செய்வது ‘அக்விட்’. பிரெஞ்சு இன்னும் கொஞ்சம் தேய்த்து ‘க்வா’ என்று வைத்திருக்கிறது. அது இங்கிலீஷில் ‘காய்’ ஆகி, பேசாமல் ஒதுங்கி நிற்கிற பெண்ணின் கூச்சத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே தாய்க்கு இத்தனை பிள்ளைகள், ஒன்றுக்கொன்று முகம் தெரியாது.

காட்பாடி_ஜங்ஷன்

ஒரு நிமிஷம். 2022-ல எங்க ஐ.டி. பசங்க எல்லாம் ‘க்வயட் க்விட்டிங்’னு பேசினாங்களே, ராஜினாமா பண்ணாமலே கொடுத்த வேலைய மட்டும் பாத்துட்டுப் போறது. அது ரெண்டு வார்த்தையும் ஒண்ணா? நடு சென்டர் மாதிரி?

பழைய_பெஞ்ச்

அதே. ஓய்ந்து ஓய்வது.

தாலுகா_ஆபீஸ்_தாத்தா

வருவாய்த் துறையில் கிளார்க்காகச் சேர்ந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். எங்கள் பழைய கணக்கில் ‘க்விட் ரெண்ட்’ என்று எழுதியிருக்கும். புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, நிலத்தை விட்டுப் போனவன் கட்ட வேண்டிய வாடகை என்று நினைத்துக்கொள்வார்கள். பொருள் நேர் எதிர். இதைக் கட்டினால் வேறு தொல்லை இல்லை, நிலத்தில் நிம்மதியாக இருக்கலாம். வாத்தியார் சொன்ன ‘விடுபட்டவன்’ இதுதான்.

இங்கிலாந்தில் குடியானவன் பண்ணையாருக்கு உழைப்பாகக் கொடுக்க வேண்டியதற்குப் பதிலாக ஒரு தொகை கட்டி அந்த ஊழியத்திலிருந்து விடுபட்டான். அதனால் அந்தத் தொகைக்கு அந்தப் பெயர். அந்தச் சொல்லைத்தான் இங்கே கொண்டுவந்தார்கள். 1858-ல் மதராஸ் ராஜதானியில் இனாம் கமிஷன் போட்டார்கள். நவாபு காலத்திலும் அதற்கு முன்னும் கொடுத்த மானியங்களை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். கோயில் மானியம், சத்திர மானியம், ஊர் ஊழியத்துக்கு விட்ட மானியம், தனியாருக்குக் கொடுத்தது. தனியார் இனாம் என்றால் பழைய நிபந்தனைப்படி ஒருநாள் சர்க்காருக்குத் திரும்பக்கூடிய நிலம். விற்றால் சிக்கல், வாரிசு இல்லாவிட்டால் சிக்கல். “வருஷத்துக்கு இவ்வளவு க்விட் ரெண்ட் கட்டு, நாங்கள் திரும்பக் கேட்க மாட்டோம், விற்கலாம், தானம் கொடுக்கலாம்” என்று டைட்டில் டீடு கொடுத்தார்கள். வடாற்காட்டில் இனாமும், வேதம் படித்தவர்களுக்கு விட்ட சுரோத்திரியமும் நிறைய. கிராமத்துப் பெரியவர்கள் ‘ஜோடி’ என்று ஒன்றைச் சொல்வார்களே, இனாம் நிலத்துக்குக் கட்டும் குறைந்த தீர்வை, அதுவும் இந்த வகையறாதான். அப்புறம் 1963-ல் 30-ஆம் சட்டம் வந்து சிறு இனாம்கள் ஒழிந்து, நிலம் வைத்திருப்பவர் நேராக சர்க்காருக்குத் தீர்வை கட்டும் ரயத்துவாரியாக மாறின.

நிலத்தில் ‘க்வயட்’ என்றால் என்ன என்று எனக்கு டிக்ஷனரி பார்த்துத் தெரியவேண்டியதில்லை. பாக்கி இல்லாத ரசீது கையில் இருப்பவன் தூங்குகிற தூக்கம்.

பாலாற்றங்கரை

அப்படியென்றால் 1942 ஆகஸ்டில் பம்பாயில் ‘க்விட் இந்தியா’ என்று சொன்னபோது, கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு விடுபடு என்ற பழைய பொருளும் உள்ளே இருந்ததாக எடுத்துக்கொள்ளலாமா? யூசுப் மெஹரலி கொடுத்த தொடர் என்பார்கள். நாம் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று சொன்னதில் வேகம் இருக்கிறது, அந்தக் கணக்குத் தீர்க்கிற சாயல் இல்லை.

பழைய_பெஞ்ச்

சொன்னவர்கள் அதை நினைத்திருக்க வேண்டியதில்லை. அப்போதே க்விட்டுக்கு ‘விட்டுப் போ’ என்பதுதான் புழக்கப் பொருள். வேரில் இருப்பதெல்லாம் பேசுகிறவன் மனசில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால், பதற்றப்படுகிறவனிடம் காம் சொல்கிற ஒவ்வொரு தடவையும் அவனை வெயிலில் நிறுத்துகிறோம் என்றாகும்.

கோட்டை_அகழி

கோட்டைக்கு எதிர்ல பழைய வெள்ளைக்காரங்க கல்லறைத் தோட்டம் இருக்கே, 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சியில செத்த வெள்ளைக்கார சோல்ஜருங்களுக்கு அங்கே நினைவுக்கல் உண்டு. இந்த மாதிரி கல்லறைங்கள்ல ஆர்.ஐ.பி.ன்னு மூணு எழுத்து போடுவாங்களே, அதுல ‘ரெஸ்ட்’டும் இந்தக் குடும்பமா?

பழைய_பெஞ்ச்

ரெஸ்ட் வேறு குடும்பம். ஆனால் அந்த மூன்று எழுத்து முதலில் இங்கிலீஷே இல்லை. லத்தீன்: “ரெக்வியெஸ்காட் இன் பாகே”, அமைதியில் ஓய்வாராக. நடுவில் இருக்கிற க்வியெஸ் காதில் விழுகிறதா? இறந்தவர்களுக்கான பூசைக்கு ‘ரெக்வியம்’ என்று பெயர் வந்ததும் அப்படித்தான், ஜெபத்தின் முதல் சொல். இங்கிலீஷில் ரெஸ்ட் இன் பீஸ் என்று சொல்லிப் பார்த்தார்கள், அதே மூன்று முதலெழுத்து விழுந்தது. அதிர்ஷ்டம்.

கோட்டை_அகழி

அன்னைக்குச் செத்த நம்ம சிப்பாய்ங்க அதைவிட எத்தனையோ மடங்கு. அவங்களுக்கு லத்தீனும் இல்ல, தமிழும் இல்ல, கல்லும் இல்ல. மக்கான் சிக்னல்கிட்ட அவங்க நினைவா தூண் வச்சது எவ்ளோ காலம் கழிச்சு! அதுவும் பஸ் ஹாரன் நடுவுல. க்வயட்டுக்கு எடம் ஒதுக்கறதுலகூட யார் ஜெயிச்சாங்கன்னு தெரியும்.

பேர்ணாம்பட்டு_ஃபயாஸ்

வாத்தியார் சார், பீஸ் பத்தியும் சொல்லிடுங்க. அது எந்த ஊரு?

பழைய_பெஞ்ச்

லத்தீன் ‘பாக்ஸ்’. உடன்படிக்கை செய்வது என்ற வினையோடு உறவு. அதிலிருந்து சமாதானப்படுத்துவது ‘பாகாரே’. கடன்காரனைச் சமாதானப்படுத்த என்ன செய்யவேண்டும்? காசு கொடுக்கவேண்டும். பாகாரே பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்து ‘பே’ ஆயிற்று. சம்பளத்துக்கும் சமாதானத்துக்கும் ஒரே வேர். க்வயட்டிலும் கடன், பீஸிலும் கடன். ரோமாபுரியிலும் வட்டிக்காரன் வாசலில் நின்றிருக்கிறான்.

சந்தடி சாக்கில் ஒன்று: கொஞ்ச நேரம் என்பதற்கு இங்கிலீஷில் ‘வைல்’ என்பார்களே, அதுவும் க்வயட்டின் தூரத்து உறவு. லத்தீன் வழியாக வரவில்லை, ஜெர்மானிய வழி. ஆதியில் இரண்டுக்கும் இளைப்பாறுவது என்ற ஒரே வேர். இளைப்பாறின நேரம்தான் ‘வைல்’.

ஆம்பூர்_ஷிஃப்ட்

சம்பளமும் சமாதானமும் ஒண்ணுன்னு கண்டுபுடிக்க லத்தீன் எதுக்கு சார், மாசக் கடைசியில எங்க வீட்டுக்கு வாங்க.

வாலாஜா_வடக்கு

தாலுகா ஆபீஸ் ஐயாவுக்கு ஒரு கேள்வி, இழைக்கு வெளியதான், மன்னிச்சுக்குங்க. எங்க பாட்டனார் வச்சிருந்த பழைய பத்திரத்துல ‘டி.டி. நம்பர்’ போட்டு, க்விட் ரெண்ட் உட்படன்னு ஒரு வரி இருக்கு. இப்போ பட்டா ரயத்துவாரின்னு வருது. வாங்க வர்றவங்க வக்கீல், இனாம் நிலமான்னு கேட்டு இழுக்கறார். இதுக்கு மூலப் பதிவு எங்க கிடைக்கும்?

தாலுகா_ஆபீஸ்_தாத்தா

டி.டி. என்றால் நான் சொன்ன டைட்டில் டீடு. அந்த நம்பர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ‘இனாம் ஃபேர் ரெஜிஸ்டர்’ என்று ஒரு பதிவேடு உண்டு. கமிஷன் விசாரணை முழுக்க அதில் இருக்கும்: யார் கொடுத்தது, யாருக்கு, எதற்காக, எவ்வளவு நிலம், க்விட் ரெண்ட் எவ்வளவு போட்டார்கள் என்பது வரை. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் மனு கொடுத்து நகல் கேளுங்கள். வக்கீல் பார்க்கவேண்டியது முக்கியமாக ஒன்று: அது தனியார் இனாமா, கோயிலுக்கோ தர்மத்துக்கோ விட்டதா. தனியார் என்றால் பயம் குறைவு. கோயில் ஊழியம் என்று இருந்தால் 1963 சட்டப்படி பட்டா எந்தப் பெயரில், எந்த நிபந்தனையில் கொடுத்தார்கள் என்று செட்டில்மென்ட் உத்தரவையும் எடுக்கவேண்டும்.

வாலாஜா_வடக்கு

ரொம்ப நன்றிங்க ஐயா. நிலம் இப்போ ராணிப்பேட்டை மாவட்டத்துல வருது. மனுவுல அப்படியே எழுதலாமா?

தாலுகா_ஆபீஸ்_தாத்தா

இன்றைய மாவட்டத்தையும் எழுதுங்கள், அடைப்புக்குள் வடாற்காடு ஜில்லா என்று கட்டாயம் போடுங்கள். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் கட்டை எடுப்பார். தாலுகாவும் அந்தக் காலத்துத் தாலுகாவாக இருக்கவேண்டும். கிராமத்தின் பெயரைப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

குடியாத்தம்_லுங்கி

தாத்தா, எங்க ஊட்டு பத்திரத்துலயும் டி.டி.ன்னு ஒண்ணு கீது. போட்டோ புடிச்சு தனி மடல்ல அனுப்பறேன், பாத்து சொல்லுங்க.

தாலுகா_ஆபீஸ்_தாத்தா

அனுப்பு தம்பி. சர்வே நம்பர் பக்கமும் சேர்த்து அனுப்பு, முன்பக்கம் மட்டும் போதாது.